அரைக்கால் கிலோ இஞ்சியும் 0.125-உம்

சிங்கப்பூரின் தேக்கா ஈரச்சந்தையில் ஒரு சனிக்கிழமை காலை, "அரைக்கால் கிலோ இஞ்சி போடுங்க தம்பி" என்று என் தாயார் கேட்டார். கடைக்காரர் தயங்காமல் இரண்டு கிழங்குகளை எடுத்து மின்தராசில் வைத்தார். 0.110 என்று காட்டியது. இன்னொரு கிழங்கிலிருந்து விரல் நுனி அளவு துண்டை முறித்துப் போட்டதும் 0.125 ஆயிற்று. தொடக்கநிலை ஆறில் படிக்கும் என் தம்பி மகள் தராசையும் தன் அப்பாயியையும் மாறி மாறிப் பார்த்தாள். "அப்பாயி, நீங்க கேட்டது அரைக்கால். அது ஏன் ஒன் டூ ஃபைவ்னு காட்டுது?" என்றாள். "கால்ல பாதி அரைக்கால், அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டு அம்மா பச்சை மிளகாய்ப் பக்கம் நகர்ந்துவிட்டார்.

அம்மாவுக்கு அவ்வளவுதான். எனக்கோ அந்தக் கேள்விக்கு ஒழுங்காக விடை சொல்லி முடிக்க ஜூன் விடுமுறை முழுவதும் தேவைப்பட்டது. அந்த வாரம் அவளுடைய பயிற்சித் தாளில் 3/4-க்கு 0.75 என்று சரியாக எழுதியிருந்தாள், 3/8-க்கு 0.38 என்றும், 1/20-க்கு 0.2 என்றும் எழுதியிருந்தாள். இவற்றைக் கவனக்குறைவு என்று நான் நினைக்கவில்லை. 3/4 அவளுக்கு மனப்பாடம். மற்ற இரண்டிலும் மேலேயோ கீழேயோ உள்ள எண்களை எடுத்து, நடுவே எங்கேயாவது ஒரு புள்ளியை வைத்தால் தசமம் வந்துவிடும் என்று அவள் கை தானாக முடிவு செய்திருக்கிறது. பின்னம் என்பது கோட்டுக்கு மேலும் கீழும் குடியிருக்கும் இரண்டு எண்கள் என்று அவள் நம்புகிறாள். அது ஓர் எண்தான், எண்கோட்டில் ஒரே ஓர் இடத்தில் நிற்கும் எண்தான் என்பது அவள் மனத்தில் படியவில்லை.

இந்த இடத்தில்தான் அப்பாயியின் சொற்கள் எனக்குக் கை கொடுத்தன. முக்கால், அரைக்கால், அதில் பாதியான வீசம் என்று சொல்லும்போது மேல் எண்ணும் இல்லை, கீழ் எண்ணும் இல்லை. ஐந்து, ஆறு என்பதைப் போல அவை எண்களின் பெயர்கள். "த்ரீ ஓவர் ஃபோர்" என்று சொல்லிப் பழகிய குழந்தைக்கு முக்கால் என்ற சொல் ஒரு புதிய காட்சியைத் தருகிறது. ஆனால் தமிழிலேயே எல்லாம் சுலபம் என்று நான் சொல்லவரவில்லை. அந்தப் பெயர்களைத் தாண்டியவுடன் நாமும் "எட்டில் மூன்று" என்று இரண்டு எண்களைத்தான் சொல்கிறோம். அதிலும் கீழ் எண்ணை முதலில் சொல்கிறோம். சீனமொழியிலும் அதே வரிசைதான். பள்ளியில் ஆங்கிலத்தில் மேல் எண் முதலில், வீட்டில் தமிழில் கீழ் எண் முதலில் என்று கேட்டு வளரும் பிள்ளை, எதை எதால் வகுப்பது என்று ஒரு கணம் தடுமாறினால் அதைப் பிழை என்று சிவப்பு மையால் சுழிப்பதற்கு முன் நாமும் ஒரு கணம் யோசிக்க வேண்டும்.

சொல்லும் முறையில் இன்னொரு பள்ளமும் இருக்கிறது. 0.125 என்பதைப் பெரியவர்களே "பாயிண்ட் நூற்று இருபத்தைந்து" என்று சொல்லக் கேட்டிருக்கிறேன். அப்படிக் கேட்ட பிள்ளையிடம் 0.125 பெரிதா, 0.5 பெரிதா என்று கேட்டுப் பாருங்கள். நூற்று இருபத்தைந்துக்கு முன்னால் ஐந்து எம்மாத்திரம்? புள்ளிக்குப் பின்னால் வரும் இலக்கங்களை ஒன்று, இரண்டு, ஐந்து என்று தனித்தனியாக வாசிக்க வேண்டும் என்பதை நான் ஒரு விதியாகவே வீட்டில் வைத்துவிட்டேன். பத்தில் ஒன்று, நூறில் இரண்டு, ஆயிரத்தில் ஐந்து என்று விரித்துச் சொன்னால் இன்னும் நல்லது, அப்போது 0.5 என்பது பத்தில் ஐந்து என்பதும், 0.125-இல் பத்தில் ஒன்றுதான் இருக்கிறது என்பதும் கேட்கும் காதுக்கே புரிந்துவிடும்.

1/20-ஐச் சரிசெய்ய எனக்கு ஒரு நாணயம் போதுமானதாக இருந்தது. நம் வெள்ளியில் (டாலரில்) 5, 10, 20, 50 காசு நாணயங்கள் இருக்கின்றன. ஒரு வெள்ளிக்கு எத்தனை ஐந்து காசு என்று கேட்டேன். இருபது என்றாள். அப்படியானால் ஐந்து காசு என்பது வெள்ளியில் எத்தனையில் ஒரு பங்கு? இருபதில் ஒன்று. ஐந்து காசை விலைச்சீட்டில் எப்படி அச்சடிப்பார்கள்? 0.05 என்று எழுதியவள், எழுதி முடிக்கும் முன்பே தன் பழைய விடையான 0.2 இருபது காசு என்பதைக் கண்டுபிடித்துவிட்டாள். அடுப்படியிலிருந்து இதைக் கேட்டுக்கொண்டிருந்த அம்மா, "இருபதில் ஒண்ணுன்னா ஒரு மா" என்றார். மன்னார்குடிப் பக்கத்தில் பிறந்தவர். அங்கே நிலத்துக்கு அதுதான் கணக்கு. வேலி என்ற நில அளவுக்கு இருபது மா. மூன்று மா சேர்ந்தால் ஏறக்குறைய ஓர் ஏக்கர். வேலிக்கு இருபது மா, வெள்ளிக்கு இருபது ஐந்து காசு என்று சந்தம் போலச் சொல்லிப் பார்த்ததில் என் தம்பி மகளுக்கு 1/20 நிரந்தரமாகப் பதிந்துவிட்டது. இருமா பத்துக் காசு, நான்மா இருபது காசு என்று அதையும் அவளே நீட்டிக்கொண்டாள்.

3/8 அப்படி ஒரு நாணயத்தில் அடங்காது. அதற்கு வகுத்தல்தான் வழி, ஆனால் வகுத்தலைச் சடங்காகச் செய்தால் பயன் இல்லை. "மூன்றில் எட்டு போகாது, பூஜ்யம் போட்டு, புள்ளி வைத்து, பக்கத்தில் இன்னொரு பூஜ்யம் சேர்த்து" என்றுதான் எனக்கும் சொல்லிக் கொடுத்தார்கள். அந்தப் பூஜ்யம் எங்கிருந்து வந்தது என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை; அவளுக்குத் தோன்றியது. ஆகவே மூன்று வெள்ளியை மேசையில் வைத்து எட்டுப் பேருக்குப் பங்கிடச் சொன்னேன். ஆளுக்கு ஒரு வெள்ளி கொடுக்க முடியாது. எனவே புள்ளிக்கு முன் 0. மூன்று வெள்ளியையும் பத்துக் காசு நாணயங்களாக மாற்றினால் முப்பது கிடைக்கும். அந்த மாற்றம்தான் நாம் சேர்க்கும் பூஜ்யம். முப்பதை எட்டுப் பேருக்குக் கொடுத்தால் ஆளுக்கு மூன்று, மீதி ஆறு. அந்த ஆறை ஒரு காசுகளாக மாற்றினால் அறுபது. ஆளுக்கு ஏழு, மீதி நான்கு. இங்கே அவள் நின்றாள். ஒரு காசு நாணயத்தை அவள் பார்த்ததே இல்லை. 2002-லிருந்து அது வெளியிடப்படுவதில்லை. அதற்கும் கீழே காசில் பத்தில் ஒரு பங்கு என்ற நாணயம் எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. இருப்பதாக வைத்துக்கொள் என்றேன். நான்கு காசு அப்படிப்பட்ட நாற்பது துண்டுகள். ஆளுக்கு ஐந்து, மீதி எதுவும் இல்லை. 0.375. நாணயம் இல்லாத இடத்திலும் கணக்கு தொடர்ந்து போகிறது என்பது அவளுக்கு மிகவும் பிடித்திருந்தது.

பாடநூல் காட்டும் இன்னொரு வழி, கீழ் எண்ணைப் பத்து, நூறு, ஆயிரம் இவற்றில் ஒன்றாக மாற்றுவது. எட்டை 125-ஆல் பெருக்கினால் ஆயிரம், மேலே உள்ள மூன்றையும் அதே 125-ஆல் பெருக்கினால் 375, ஆக 375/1000. வேகமான வழி, கைக்கணக்குத் தாளில் நேரத்தை மிச்சப்படுத்தும். ஆனால் அதை முதலில் சொல்லிக் கொடுப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. எட்டுக்கு 125 என்பதை மனப்பாடம் செய்த பிள்ளை, ஏழு வரும்போது எதைப் பெருக்குவது என்று தெரியாமல் விழிக்கும்.

பூஜ்யத்தைப் பற்றி நான் இவ்வளவு நீட்டி முழக்குவதற்குச் சொந்தக் காரணம் ஒன்று உண்டு. தொண்ணூறுகளில் ஜூரோங்கில் ஓர் இயந்திரப் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், அங்குலத்தில் வரைந்த ஒரு வரைபடம் என்னிடம் வந்தது. அதில் 1/32 அங்குல ஆழத்துக்கு ஒரு பள்ளம் வெட்ட வேண்டும். கணினியால் இயங்கும் வெட்டு இயந்திரத்துக்குப் பின்னம் தெரியாது. தசமமாகத்தான் கொடுக்க வேண்டும். சுவரில் பின்னங்களுக்கு நேராகத் தசமங்களை அச்சிட்ட பெரிய அட்டவணை தொங்கிக்கொண்டிருந்தது. 1/64 முதல் ஒவ்வொன்றாக அடுக்கிய அந்த அட்டவணையை நிமிர்ந்து பார்க்கச் சோம்பல்பட்டு, நினைவிலிருந்து 0.3125 என்று தட்டினேன். வந்திருக்க வேண்டியது 0.03125. ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாக இறங்கவேண்டிய கட்டர் ஏறத்தாழ எட்டு மில்லிமீட்டர் இறங்கப் பார்த்தது. சத்தம் முதலில் வந்தது, பிறகு கட்டரின் நுனி தனியாகப் பறந்து பாதுகாப்புக் கண்ணாடியில் மோதியது. சீனரான எங்கள் ஃபோர்மேன் ஒன்றும் திட்டவில்லை. அட்டவணையில் 1/32 இருந்த வரியைச் சிவப்புப் பேனாவால் சுற்றி வளைத்துவிட்டுப் போனார். அந்த வளையம் நான் அங்கிருந்து விலகும் வரை இருந்தது.

என் நினைவில் இருந்த இலக்கங்கள் சரியானவைதான். 3, 1, 2, 5. தவறியது பூஜ்யம். ஏன் அங்கே பூஜ்யம் வருகிறது என்று அப்போது எனக்கு யாராவது சொல்லியிருந்தால் அட்டவணையே தேவைப்பட்டிருக்காது. பாதியாக்கிக்கொண்டே போனால் போதும். அரை 0.5, கால் 0.25, அரைக்கால் 0.125, வீசம் 0.0625, அரைவீசம் 0.03125. ஒவ்வொரு முறையும் புள்ளிக்குப் பின் ஓர் இடம் கூடுகிறது. புள்ளியை மறந்துவிட்டு இலக்கங்களை மட்டும் பார்த்தால் 5, 25, 125, 625, 3125. ஐந்தை ஐந்தால் பெருக்கிக்கொண்டே போகும் வரிசை. காரணம் எளியது. பத்து என்பது இரண்டும் ஐந்தும் பெருக்கிய எண். கீழே ஓர் இரண்டு இருந்தால் அதைப் பத்தாக்க மேலும் கீழும் ஓர் ஐந்தால் பெருக்க வேண்டும். 32-இல் ஐந்து இரண்டுகள் இருக்கின்றன. ஆகவே ஐந்து ஐந்துகளைக் கொண்டு பெருக்கினால் மேலே 3125, கீழே ஒரு லட்சம் வரும். ஒரு லட்சத்துக்குப் புள்ளிக்குப் பின் ஐந்து இடங்கள் வேண்டும். 3125-க்கு நான்கு இலக்கங்கள்தான். மிஞ்சிய ஓர் இடத்தில் பூஜ்யம் உட்கார்கிறது. ஒரு கட்டரின் விலை அந்தப் பூஜ்யம்.

இதே காரணம்தான், எந்தப் பின்னம் தசமத்தில் முடியும், எது முடியாது என்பதையும் சொல்லிவிடுகிறது. கீழ் எண்ணைப் பகா எண்களாகப் பிரித்துப் பார்த்தால் அதில் 2, 5 தவிர வேறு எதுவும் இல்லையென்றால் தசமம் ஓரிடத்தில் நிற்கும். 3, 7, 11 என்று வேறு எதுவாவது நுழைந்திருந்தால், அதை எதனால் பெருக்கினாலும் பத்தாகவோ நூறாகவோ ஆயிரமாகவோ ஆக்க முடியாது, தசமம் நிற்காது. ஆனால் பின்னத்தை முதலில் சுருக்கிக்கொள்ள வேண்டும். 6/15-இல் பதினைந்தைப் பார்த்தவுடன் உள்ளே மூன்று இருக்கிறது, முடியாது என்று என் தம்பி மகள் அறிவித்தாள். சுருக்கினால் 2/5, அது 0.4-இல் அமைதியாக முடிகிறது.

முடியாத தசமத்தை அவள் கால்குலேட்டரில் சந்தித்த விதம் வேடிக்கையானது. தொடக்கப்பள்ளி இறுதியாண்டுத் தேர்வின் கணிதத்தில் முதல் தாளுக்குக் கால்குலேட்டர் கிடையாது, இரண்டாம் தாளுக்கு உண்டு. அதில் 2/3-ஐத் தட்டியபோது 0.6666666667 என்று வந்தது. "கடைசியில ஏழு வருது, அப்போ முடிஞ்சிடுது" என்றாள். இடம் போதாமல் கருவி கடைசி இலக்கத்தை உயர்த்தி முழுமையாக்கிய செயல் அது என்று விளக்குவதைவிட, தாளில் வகுத்துப் பார் என்று சொல்வது மேல் என்று தோன்றியது. இருபதில் மூன்று ஆறு முறை, மீதி இரண்டு. மறுபடியும் இருபது, மறுபடியும் மீதி இரண்டு. நான்கு ஆறுகளுக்குப் பிறகு பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "ஏழு வரவே வராது" என்றாள். அன்றிலிருந்து கருவியின் கடைசி இலக்கத்தை அவள் நம்புவதில்லை.

நடைமுறை வாழ்க்கையில் நாம் இதற்கு ஒரு சமாதானம் செய்துகொள்கிறோம். மூவர் பத்து வெள்ளியைப் பங்கிட்டால் ஆளுக்கு 3.33 வெள்ளி, ஒரு காசு அனாதையாக நிற்கும். நாணயமாகத்தான் கொடுப்பேன் என்றால் 3.35, 3.35, 3.30 என்று ஒருவர் விட்டுக்கொடுக்க வேண்டும். கணிதத்தில் அந்தச் சமாதானத்துக்கு இடம் இல்லை. மூன்றில் ஒன்று மூன்றில் ஒன்றாகவேதான் இருக்கிறது. தசமமாக்கத் தெரிந்திருப்பதோடு, எப்போது தசமமாக்கக் கூடாது என்றும் பிள்ளைக்குத் தெரிய வேண்டும் என்பேன். கணக்கின் நடுவில் 2/3-ஐ 0.67 ஆக்கிவிட்டு, அதை 300-ஆல் பெருக்கி 201 என்று எழுதிய தாளை நான் திருத்தியிருக்கிறேன். பின்னமாகவே விட்டிருந்தால் 200.

ஏழு இன்னும் சுவையானது. ஒன்றை ஏழால் வகுக்கும்போது மீதிகளை ஓரத்தில் எழுதிக்கொண்டே வரச் சொன்னேன். பத்தில் ஏழு ஒரு முறை, மீதி 3. முப்பதில் நான்கு முறை, மீதி 2. இருபதில் இரண்டு முறை, மீதி 6. அறுபதில் எட்டு, மீதி 4. நாற்பதில் ஐந்து, மீதி 5. ஐம்பதில் ஏழு, மீதி 1. தொடங்கிய ஒன்றே திரும்பி வந்துவிட்டது. ஏழால் வகுத்தால் மீதி 1 முதல் 6 வரைதான் இருக்க முடியும். ஆறும் ஒரு முறை வந்து தீர்ந்தபின் பழைய மீதி ஒன்று திரும்பியே ஆக வேண்டும், அது திரும்பினால் இலக்கங்களும் அதே வரிசையில் திரும்பும். 0.142857142857 என்று அது சுழன்றுகொண்டே இருக்கும். எந்தப் பின்னமும் ஒன்று முடிய வேண்டும், இல்லையென்றால் சுழல வேண்டும். மூன்றாவது வழி கிடையாது என்பதற்கு இதைவிட நல்ல நிரூபணம் பன்னிரண்டு வயதுக்குத் தேவையில்லை. வட்டக் கணக்குகளில் பை-இன் மதிப்பை 22/7 என்றும் சில கேள்விகளில் 3.14 என்றும் கொடுக்கிறார்களே, இரண்டும் ஒன்றா என்று அவளே கேட்டாள். ஆரம் 7 சென்டிமீட்டர் உள்ள வட்டத்தின் பரப்பளவுக்கு இரண்டையும் போட்டுப் பார்த்தோம். 154 என்றும் 153.86 என்றும் வந்தன. 22/7 என்பது 3.142857 என்று சுழலும் எண், 3.14 அதே இடத்தில் இல்லை.

சற்றே விலகி ஒன்று. பொருள் சேவை வரி 2024 முதல் 9 விழுக்காடு. வரி சேர்ந்த விலையிலிருந்து வரியை மட்டும் பிரிக்க, விலையில் 9/109 பங்கை எடுக்க வேண்டும், 10.90 வெள்ளியில் 90 காசு. இந்த 109 பகா எண். 9/109-ஐத் தசமமாக்கினால் 0.0825688 என்று தொடங்கி, 108 இலக்கங்களுக்குப் பிறகுதான் முதல் இலக்கத்துக்குத் திரும்பும். அன்றாடம் விலைச்சீட்டுகளுக்குள் இப்படி ஒரு நீண்ட சுழல் ஒளிந்திருக்கிறது என்று நினைத்தால் எனக்குச் சிரிப்பு வரும். தம்பி மகளுக்குச் சிரிப்பு வரவில்லை. முழுவதையும் வகுக்கச் சொல்லிவிடுவேனோ என்று பயந்தாள்.

விடுமுறையின் கடைசி ஞாயிறு, அப்பாயிக்குத் தெரிந்த பின்னங்கள் எல்லாவற்றையும் சொல்லச் சொல்லி அவள் ஒரு தாளில் எழுதினாள். அம்மா தன் தாத்தாவிடம் கேட்ட வரிசை அது: அரை, கால், அரைக்கால், வீசம், பிறகு மா, அரைமா, காணி, அரைக்காணி. எதிரே 1/2, 1/4, 1/8, 1/16, 1/20, 1/40, 1/80, 1/160 என்று நான் எழுதிக் கொடுத்தேன். கீழ் எண்களை எல்லாம் உடைத்துப் பார்த்துவிட்டு, "எல்லாத்துலயும் டூவும் ஃபைவும்தான் இருக்கு" என்றாள். உண்மைதான். மூன்றில் ஒன்றுக்கு அந்த வரிசையில் தனிப்பெயர் கிடையாது. கீழ்வாய் இலக்கம் என்ற பழைய பின்ன வாய்பாட்டைப் படித்த பிள்ளைகள் சொல்லிப் பழகிய அந்தப் பின்னங்கள் அனைத்தும் தசமத்தில் முடிந்துவிடக்கூடியவை, தசமப் புள்ளியை அவர்கள் கண்டதே இல்லை என்றாலும்.

கடைசியாக அம்மா "முந்திரி" என்றார். பாயசத்தில் போடுவதா என்று அவள் சிரித்தாள். அரைக்காணியில் பாதி, 320-இல் ஒரு பங்கு என்றேன். அவள் கால்குலேட்டரை எடுக்கவில்லை. மாவின் 0.05-இலிருந்து பாதியாக்கிக்கொண்டே வந்தாள்: 0.025, 0.0125, 0.00625, 0.003125. எழுதி முடித்ததும் புள்ளிக்குப் பின்னால் பேனா நுனியை வைத்து ஒவ்வோர் இலக்கமாகத் தொட்டு வாசித்தாள். பிறகு தாளை என் பக்கம் திருப்பினாள்.

"பெரியப்பா, இது உங்க கட்டர் உடைஞ்ச நம்பர். இங்க ரெண்டு பூஜ்யம்."